வேர்டில் ஒரு வரன்

சுடச்சுடப் பெசரட்டு, அதன்மேல் உப்புமா. தட்டை மாமியார் சுபத்ரம்மாவே கொண்டுவந்து நீட்டியதும் ஹைமவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி மூன்று வருஷமாக "தொட்டில் எப்போ கட்டறது?" என்ற குத்தலைத் தவிர அவளிடமிருந்து வேறெதுவும் கிடைத்ததில்லை.

"சாப்பிட்டுட்டு கம்ப்யூட்டரைத் திற, அம்மாயி. உங்க கல்யாணத்துக்கு முன்னாடி வம்சியோட பயோடேட்டா அனுப்பினோமே, வெச்சிருக்கியா?"

"இருக்கு அத்தய்யா. எதுக்கு?"

"ஏலூர்லேர்ந்து நல்ல சம்பந்தம் ஒண்ணு வந்திருக்கு. அதையே கொஞ்சம் மாத்தி அனுப்பிடலாம். நாளைக்கு அஷ்டமி, இன்னிக்கே போகணும்."

அப்படிச் சொல்லுங்கள். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிக்கிற ஜென்மம் சுபத்ரம்மா. ஆனாலும் ஹைமவதிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது.

கணவன் வம்சிக்கு ஹைதராபாத்தில் வேலை. அவளுக்குத் தெனாலியில் மாமியார் வீட்டுப் பாத்திரம். கொழுந்தன் பணீந்திராவுக்கு ஒருத்தி வந்துவிட்டால் தன்னைக் கணவனோடு அனுப்பிவிடுவார்கள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

பழைய பயோடேட்டா பிடிஎஃப்பாக இருந்தது. அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வேர்டாக மாற்றித் தரும் இலவச இணையதளம் ஒன்றில் ஏற்றிவிட்டு, சுற்றிக்கொண்டே இருந்த சக்கரத்தைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தாள்.

மாறி வந்ததைப் பார்த்தால் ஒரே கந்தரகோலம். கோத்திரம் உயரத்தின்மேல் ஏறிக் கிடந்தது. படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம்.

"போட்டோ போயிடுச்சு அத்தய்யா."

"போனாப் போகுது. நேத்து பசங்க ரெண்டு பேரையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனேனே, அதைப் போட்டுக்கலாம்."

"லீவுல வந்த இவரும் புதுச் சட்டையும் பவுடருமா கிளம்பினாரே, தானே மாப்பிள்ளைங்கற மாதிரி" என்று ஹைமவதி சிரித்தாள். சுபத்ரம்மாவும் சிரித்தாள்.

"சம்பளத்தைக் கொஞ்சம் ஏத்தியே போடு. மங்களகிரி மனையையும் சேர்த்துக்கோ."

வரி வரியாகப் பிரித்து ஹைமவதி ஒழுங்கு செய்தாள். பேர், பிறந்த தேதி, நட்சத்திரம் மூன்றையும் கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தாள். கொழுந்தன் மேல் உள்ள பிரியத்தில், 'கெட்ட பழக்கம் கிடையாது, பெண்ணைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வார்' என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்தாள்.

சுபத்ரம்மா அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "உனக்குக் கைராசி உண்டு, அம்மாயி. இது மட்டும் நல்லபடியா முடியட்டும், அப்புறம் இந்த வீட்டுல உனக்கு ஒரு வேலையும் இருக்காது."

ஹைமவதிக்குக் கண் கலங்கிவிட்டது. ஹைதராபாத்துக்கு எந்தப் பெட்டியை எடுத்துப்போவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டாள், பாவம்.

பக்கத்தின் உச்சிக்குப் போனாள். வம்சி என்ற பெயரை அழித்துவிட்டு, பணீந்திரா என்று அடிக்கத் தொடங்கினாள்.

சுபத்ரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். குரலில் அதே தேன்.

"பேரை ஏம்மா மாத்தறே? பெரியவனுக்குத்தானே பாக்கறோம்."