சம்பந்தி எடுத்த சட்டை

“இது நல்லா இருக்கா, சம்பந்தி?”

மருமகளுக்காகச் சம்பந்தியம்மா தூக்கிக் காட்டிய சட்டையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பகீரென்றது. தோள் இருந்தது, கை இருந்தது. வயிற்றுக்கு வேண்டிய துணியைத்தான் காணோம்.

“குழந்தைங்க பக்கத்துலேருந்து எடுத்துட்டீங்களா?”

“பெரியவங்களுக்குத்தான். இந்த ஊர்ல இப்ப இதான் ஃபேஷன்.”

மகளையும் மாப்பிள்ளையையும் பார்க்க வெளிநாடு வந்த இடத்தில் இப்படி ஒரு நாள் வாய்க்கும் என்று அம்மா நினைக்கவில்லை. மகளுக்குக் கல்யாண நாள் வருகிறது, துணி எடுக்கலாம் என்று சம்பந்திதான் கிளப்பிக்கொண்டு வந்தார். தெரு முழுக்கக் கண்ணாடிக் கடைகள். நடந்து போகிற பெண்கள்கூட, கடை பொம்மைகள் இறங்கி வந்த மாதிரி இருந்தார்கள்.

ஏறாத கடையில்லை. முழங்கால் தாண்டி இறங்கும் கவுனை அம்மா எடுத்துக் கொடுத்தால், “மூட்டை கட்டின மாதிரி இருக்கு” என்று சம்பந்தி திருப்பி மாட்டிவிடுவார்.

“அத்தை, எனக்கு இதெல்லாம் வேண்டாம்,” மகள் கெஞ்சினாள். இங்கே வந்ததிலிருந்து அம்மாவும் பார்க்கிறாள், தொளதொள சட்டையைத் தவிர அவள் வேறு எதுவும் போடுவதில்லை.

“போட்டுத்தான் பாரேன் கண்ணு. பிடிக்கலைன்னா வச்சுட்டுப் போவோம்.”

தள்ளாத குறையாக அவளை உடை மாற்றும் அறைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே சோபாவில் உட்கார்ந்தார் சம்பந்தி.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க. என் பொண்ணை நான் அப்படி வளர்க்கலை.”

“நீங்க எப்படி வளர்த்தீங்கன்னு எனக்குத் தெரியும் சம்பந்தி.”

அதில் ஏதோ குத்தல் இருப்பதாக அம்மாவுக்குப் பட்டது. மூடிக்கொண்டு வா என்று சொல்லும் மாமியாரைக் கேள்விப்பட்டிருக்கிறாள். திறந்துவிடச் சொல்லும் மாமியாரை இப்போதுதான் பார்க்கிறாள். போன வருஷம் மாப்பிள்ளை ஈரல் கெட்டு, ஆபரேஷன் ஆகி, பிழைத்து வந்ததே பெரிது. அந்த வீட்டில் இந்த ஆட்டம் தேவையா?

உள்ளேயிருந்து குரல் வந்தது. “அத்தை! ஜிப் மாட்டிக்கிச்சு. நீங்க மட்டும் வாங்களேன்.”

நீங்க மட்டும்! பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள்.

சம்பந்தி முட்டியைத் தடவினார். “கால் பிடிச்சுக்கிச்சு. நீங்க போங்களேன்.”

அம்மா விருட்டென்று எழுந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“அம்மா, நீ வராதே!”

மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினாள். கைக்கு அடங்கவில்லை. நெஞ்சுக்குழியிலிருந்து நேராக இறங்கி, வலப்பக்கம் திரும்பி, விலா வரை ஓடியது ஒரு தழும்பு.

“என்னடி இது?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். “அவருக்கு ஈரல் வேணும்னாங்க. என்னோடது பொருந்துச்சு.”

“நீயா கொடுத்தே?”

“பாதிதான்மா. அது திரும்ப வளர்ந்துடும். வளர்ந்துடுச்சு.”

“என்கிட்ட ஏன்டி சொல்லலை?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியா?”

அம்மா விட்டிருக்க மாட்டாள்தான். அடுத்த விமானம் பிடித்து வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள். ஊசி என்றாலே வீட்டைச் சுற்றி ஓடிய பெண், இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, போனில் “லேசா சளிம்மா” என்று சிரித்திருக்கிறாள்!

தழும்பின் மேல் மெல்ல விரலை வைத்தாள். அழுகை முட்டியது. ஆனால் நெஞ்சு என்னவோ தானாக நிமிர்ந்துகொண்டது.

“வலிக்குதா?”

“இல்லைம்மா.”

சிக்கிய ஜிப்பைச் சரிசெய்து மேலே இழுத்துவிட்டாள். மகள் அவசரமாகப் பழைய சட்டையை எடுத்து மேலே மாட்டப் போனாள். அம்மா அதைப் பிடுங்கித் தன் கையில் போட்டுக்கொண்டாள்.

“இப்படியே வா.”

“எல்லாரும் பார்ப்பாங்கம்மா!”

“பார்க்கட்டும். நான் பெத்த பொண்ணுடி நீ.”

இருவரும் வெளியே வந்ததைப் பார்த்துச் சம்பந்தி சட்டென்று எழுந்து நின்றார். அம்மா போய் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

மகள்தான் முறைத்தாள். “அத்தை, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்னு எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்களே!”

“வாயால சொல்ல மாட்டேன்னுதானே பண்ணேன்?” என்றார் சம்பந்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “இப்படி ஒரு பொண்ணைப் பெத்தவங்க, அது தெரியாமலே ஊருக்குத் திரும்பலாமா? அதான் காலையிலேருந்து குட்டைச் சட்டையாத் தேடிக்கிட்டிருந்தேன்!”