மேற்கு வாசல்

முள்வேலியின் முதல் கம்பியில் கட்டிங் பிளேயரை வைப்பதற்கு முன் முத்துராமலிங்கம் ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொண்டார். காலை பத்து மணி. மக்காச்சோளக் காட்டில் யாரும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியின் ரூம்கள் பூட்டிக் கிடந்தன.

"அப்படி வெட்டாதீக அண்ணாச்சி. மூஞ்சியில அடிக்கும்."

கம்பெனிப் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஒரு பழைய சாக்கு. பெயர் பொன்மணி என்றாள். கம்பெனியில் திரி வைக்கிற வேலை. இந்த வேலியைப் பிரிக்கத்தான் தானும் வந்ததாகச் சொன்னாள்.

அவள் எச்சரித்தது சரிதான். முள்கம்பியைத் தூணுக்குத் தூண் விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். அந்த விறைப்பு கம்பிக்குள்ளேயே காத்திருக்கும். தூணை ஒட்டி வெட்டினால், நீளமான முனை சுருண்டு பாயும். வெட்டுகிறவர் முகம்தான் அதற்கு முதலில் கிடைக்கும். அதனால் ஒருவர் கம்பியை அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் வெட்ட வேண்டும். பிறகு பிடித்தவர் மெதுவாகத் தளர்த்தி விடுவார்.

பொன்மணி சாக்கை மடித்துக் கம்பியின் மேல் போட்டு, இரண்டு கையாலும் அழுத்தினாள். அவர் வெட்டினார். கம்பி அவள் கைக்குள் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

"காட்டுக்காரரு பாத்தா வைவாரு," என்றாள். "ஊரெல்லாம் வேலி போடுவாரு, அவரு வாய்க்கு மட்டும் வேலி கெடையாது. என்னைய மூணு தடவை மறிச்சு வஞ்சிருக்காரு."

அவர் பயிரின் மேல் கால் படாமல் ஒதுங்கி நின்று, இரண்டாவது கம்பிக்குக் குனிந்தார்.

தப்பு தங்கள் மேலும் உண்டு என்று அவளே சொன்னாள். ஆனைக்குட்டம் பஸ்ஸுக்குக் குறுக்கு வழி என்று நாற்பது பேர் இந்தக் காட்டின் நடுவே நடந்தார்கள். வரப்பில் நடந்திருக்கலாம், நடக்கவில்லை. போன வருஷம் கதிரை ஒடித்தார்கள், மிச்சர் காகிதத்தை எறிந்தார்கள். காட்டுக்காரரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்த வருஷம் கதிர் பிடிக்கும் முன்பே வேலி வந்துவிட்டது.

இரண்டாவது கம்பியும் அறுந்தது.

பட்டாசு ரூம் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சொன்னாள். சின்ன அறை, நாலு பேர், நாலு பக்கமும் வாசல். கதவுகள் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். வேலை நேரத்தில் ஒன்றையும் சாத்தக் கூடாது. பக்கத்து ரூமில் சத்தம் கேட்டால் எந்த வாசல் கிட்டவோ அதில் ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது அதைத்தான்.

"மார்கழியில பக்கத்து ரூம் வெடிச்சப்போ நான் கெழக்கு வாசல்ல ஓடுனேன். எந் தங்கச்சி அருணாதேவி மேற்கு வாசல்ல ஓடுனா. அவளுக்கு அதான் கிட்ட."

மேற்கு வாசலிலிருந்து வேலி பதினைந்து எட்டு நடை தூரம். வேலி போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கால் பழைய வழியிலேயே ஓடிவிட்டது. சேலை முள்ளில் மாட்ட, அதை எடுக்க நின்றாள். அதற்குள் அவர்கள் ரூமும் வெடித்தது.

பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோல இதைச் சொன்னாள் பொன்மணி.

மூன்றாவது கம்பியில் பிளேயர் இரண்டு தடவை நழுவியது. கம்பி அறுந்த பிறகு முத்துராமலிங்கம் கேட்டார்.

"காட்டுக்காரரு துக்கம் கேக்க வரலையா?"

"பதினாறாம் நாளு தெருமுக்குல ஒருத்தரு வந்து நின்னாருன்னாக. வீட்டுக்கு வரல."

 அவளே மேற்கொண்டு சொன்னாள். இடிந்த ரூமைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை கம்பெனி திறக்கிறது. தங்கச்சி உட்கார்ந்த மேற்கு வாசலோர இடம் இனி பொன்மணிக்கு. வேறு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாள், எங்கும் ஆள் நிறைந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் இந்த இடத்தில் கம்பி இருக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

நாலாவது கம்பி அடியில் இருப்பது. அதைத்தான் எல்லாவற்றையும்விட விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். தரையில் உட்கார்ந்துதான் வெட்ட முடியும், முகத்துக்கும் கம்பிக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்காது. பொன்மணி மண்டியிட்டு, சாக்கோடு சேர்த்து அழுத்தினாள்.

முத்துராமலிங்கம் பிளேயரை வைத்தார். வெட்டவில்லை.

"வேலி போட்டது நாந்தான் தாயி," என்றார். "நீ கம்பிய விடுறதுன்னா விட்டுரு."

பொன்மணியின் கை அசையவில்லை.

"தெரியும் அண்ணாச்சி. விடுறதா இருந்தா மொதக் கம்பியிலயே விட்டிருப்பேன். வெட்டுங்க."