வழி விடாத வண்டி

முன்னால் போன மாட்டு வண்டியின் ஓரத்து முளைக்குச்சியில் ஒரு சலவைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. அரை மணி நேரமாக லாரியின் முன்கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஓட்டி வந்தான் தோமினிக்.

"கலியாண ஊட்டுக்குப் போறானாட்ட இருக்குதுங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னண்ணன். மூட்டை இறக்குகிறவர். "போயிக் குளிச்சுப்போட்டு மாத்திக்கலாம்னு சட்டையைத் தொங்க உட்டிருக்கறான்."

"ஓரமாப் போனா அந்தக் கலியாணத்துல தாலி கட்ட மாட்டாங்களாமா?"

தோமினிக் ஆரன் பந்தை விடாமல் அமுக்கினான். மாடுகள் காதை ஆட்டின, அவ்வளவுதான். வண்டிக்குள் தலையோடு கால் போர்த்திப் படுத்திருந்த ஆள் புரண்டுகூடப் படுக்கவில்லை.

விடிந்தும் விடியாத நேரம். புதுச்சத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தார் ரோடு நடுவில் ஒரு வண்டி போகிற அகலந்தான். இரண்டு பக்கமும் மழையில் ஊறிய மண். பாரத்தோடு லாரியை அதில் இறக்கினால் மேலே ஏற்ற ஊரையே கூப்பிட வேண்டும். மாட்டு வண்டிக்கு மண்ணே போதும். ஆனால் அதுதான் நடுத் தாரில், ரோடே தனக்கு எழுதிவைத்தது போல ஊர்ந்தது.

"மெதுவாப் போறவன் இடது பக்கம் ஒதுங்கணும், பின்னால வர்றவனுக்கு வழி விடணும். சட்டம் இருக்குதுண்ணே! வக்கீல் புஸ்தகத்தை எடுத்துப் படிச்சே காட்டினாரு."

அன்று லாரியில் இல்லாவிட்டாலும் சின்னண்ணனுக்கு எல்லாம் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் இதே ரோட்டில் ஒரு பண்ணையக்காரரின் கார் இப்படித்தான் நடுவில் ஊர்ந்தது. ஆரன் அடித்து அலுத்துப்போய் தோமினிக் காய்ந்த மண்ணில் இறங்கி முந்தப் போனபோது, அந்தக் கார் சட்டென்று வலது பக்கம் திரும்பி, லாரியில் உரசிப் பள்ளத்தில் இறங்கியது. கேஸ் என்னவோ தோமினிக் மேல்தான். கண்மண் தெரியாமல் ஓட்டினானாம்.

தோற்றால் லைசென்ஸ் போய்விடும். சேலத்தில் அவன் மனைவி சகாயம்மாளும் மூன்று பிள்ளைகளும் அந்த லைசென்ஸை வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

நடந்ததைப் பார்த்தவர் ஒரே ஒருவர். ரோட்டோரத் தோட்டத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த மருதாசலம். சாட்சி சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் போன வாய்தாவுக்கு அவர் ஊரில் பஸ் நிற்காமல் போய்விட்டதால் வர முடியவில்லை. இன்று பதினொரு மணிக்கு, நாமக்கல் கோர்ட்டில் கடைசி வாய்தா. அதற்குள் தோமினிக் மண்டியில் சரக்கை இறக்கிவிட்டு ஓட வேண்டும்.

இன்னும் ஒரு பர்லாங்கு பொறுத்தான். பிறகு லாரியை நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"என்னங்க பண்றீங்க?"

"தூங்கறவருக்கு ஒரு உபகாரம் பண்றேன்."

மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, சத்தமில்லாமல் மாடுகளை மண்ணில் இறக்கி, அப்படியே வந்த வழிக்குத் திருப்பிவிட்டான். மாடுகள் முரண்டு பிடிக்கவில்லை. வீட்டுப் பக்கம் என்றதும் வந்ததைவிட வேகமாக நடந்தன.

"பாவமுங்க, எந்த ஊரு மனுசனோ."

"எந்த ஊருன்னு மாட்டுக்குத் தெரியுமில்ல? நல்லாத் தூங்கட்டும்."

ஆறு மாத ஆத்திரம் ஆறினது போல இருந்தது. நாமக்கல் வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்தான் தோமினிக்.

கோர்ட்டில் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. "மருதாசலம்! மருதாசலம்! மருதாசலம்!" என்று டவாலி மூன்று தரம் கூப்பிட்டான். வாசலில் யாரும் இல்லை.

"என்னய்யா உன் சாட்சி?" என்று வக்கீல் அருணகிரி காதோரம் சீறினார்.

"வந்துருவாருங்க" என்றான் தோமினிக். பன்னிரண்டு மணி வரைக்கும் பொறுத்துப் பார்த்தார் மாஜிஸ்திரேட். அதற்கு மேல் தீர்ப்புத்தான். ஒரு வருஷத்துக்கு லைசென்ஸ் ரத்து.

"முன்னால் மெதுவாகப் போகிறவரைப் பொறுத்துக்கொள்ளத் தெரியாதவர் லாரி ஓட்டக்கூடாது" என்று வேறு சொன்னார். அந்தப் பேச்சுத்தான் தோமினிக்குக்குத் தாங்கவில்லை.

வெளியே வந்து, கோர்ட்டு மதிலோரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். சகாயம்மாளிடம் போய் என்ன சொல்வது?

"அந்தப் பண்ணையக்காரரு மிரட்டியிருப்பாருண்ணே. இந்தாளு பயந்து ஊட்டுலயே படுத்துட்டான். வாக்குக் குடுத்தவன் செய்யற வேலையா இது? இவனெல்லாம் ஒரு மனுசனா?"

சின்னண்ணன் பீடியைப் பற்றவைத்து அவனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஒருவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். மருதாசலமேதான். தோமினிக் பாய்ந்து போய் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஏய்யா, எல்லாம் முடிஞ்சப்புறம் எதுக்கு வந்தீங்க? பண்ணையக்காரர் முறைச்சாப் பயந்துருவீங்களா? என் பொழப்பே போச்சு!"

மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கையை விலக்கக்கூட இல்லை.

"சாமி, நான் ஆருக்கும் பயப்படலீங்க. பஸ்ஸை நம்பக்கூடாதுன்னு நடுச்சாமத்துலயே வண்டியைப் பூட்டிக்கிட்டுப் பொறப்பட்டனுங்க. பகலெல்லாம் கடலைக்காய் புடுங்குன அலுப்பு, செத்த கண்ணசந்துட்டனுங்க."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"முழிச்சுப் பாத்தா, எங்கூட்டு வாசல்ல நிக்கறனுங்க!"