வாளி என்றால் கதவு

தாளில் இருந்த பன்னிரண்டு சீன எழுத்துகளில் ஒன்றுகூட மாதேஸ்வரிக்குத் தெரிந்ததாக இல்லை.

கேன்டீன் மேசைக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் அசோக்குமாரும் வினிதா அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். வினிதாவுக்கு எட்டாம் மாதம். திங்கட்கிழமையிலிருந்து லீவு. அவள் மெஷினில் இனி யார் உட்காருவது என்ற பேச்சு வந்தபோது, வெளியாள் எதற்கு, என்கூட நிற்கிற பொண்ணு பட்டனில் இருப்பதையெல்லாம் படிப்பாள் என்று அடித்துச் சொன்னவள் அவள்தான்.

ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோன மாதேஸ்வரிக்காக இதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை.

சீனாவிலிருந்து வந்த மெஷின். பட்டன்மேல் தமிழும் கிடையாது, இங்கிலீஷும் கிடையாது. வினிதா எதை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று மாதேஸ்வரி பார்த்து வைத்துக்கொண்டு, ஊரான பேரிகைக்குத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் நோட்டில் வரைவாள். எழுத்து என்று பார்த்தால் மண்டையில் ஏறாது. பொருளாகப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

கூரையிலிருந்து தொங்கும் கயிறு என்றால் மேலே. வாய் திறந்த வாளி என்றால் கதவு. இரட்டைக் கொம்பு என்றால் மெஷினை ஓட்டு.

கோடுகளை எண்ணி, எண்ணிக்கை தப்பாமல் ஒவ்வொன்றும் பத்துத் தடவை. நோட்டு தீர்ந்த வாரம் உள்ளங்கையில் விரலால்.

இப்போது தாளில் கயிறு மாதிரி ஒன்று இருந்தது. முடிச்சு மட்டும் வேறு பக்கம். பயந்துகொண்டே 'மேலே' என்று எழுதினாள்.

அது 'கீழே' என்றார் அசோக்குமார்.

வாளியைத் தேடினாள். கொம்பைத் தேடினாள். வினிதாவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பரவாயில்லை, இப்போது செய்கிற ட்ரே எடுத்துக் கொடுக்கிற வேலை எங்கேயும் போகாது என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டே, மார்க் போடுவதற்காக அவர் தாளை இழுத்துத் தன் பக்கம் திருப்பினார்.

"சார், அப்படியே வைங்க."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. மேசையின் குறுக்கே விரலை நீட்டினாள். கதவு. ஓட்டு. நிறுத்து. சூடு. கயிறு இதோ இங்கே இருந்தது, முடிச்சு சரியான பக்கத்தில். மேலே. பன்னிரண்டையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

அசோக்குமார் கையிலிருந்த விடைகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நேராக வைத்தால் தெரியவில்லை, தலைகீழாக வைத்தால் படிக்கிறாளே என்று வினிதாவிடம் கேட்டார்.

வினிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண் கலங்கிவிட்டது.

"நாலு மாசமா எனக்கு எதிர்ப்பக்கம் நின்னவ சார் அவ."

பட்டன் பலகை தட்டு மாதிரி மல்லாந்து கிடக்கும். அதன் முகம் உட்காருகிறவளுக்கு; எதிரே நிற்கிறவளுக்கு எழுத்தெல்லாம் தலைகீழ்.

அப்படியானால் வினிதா இடத்தில் உட்கார்ந்ததும் எல்லாம் புதிதாகிவிடுமே என்று அசோக்குமார் கவலைப்பட்டார்.

மாதேஸ்வரி கவலைப்படவில்லை. சனியும் ஞாயிறும் முழுசாக இருந்தன. நோட்டைத் திருப்பி வைத்துக்கொண்டால் ஆயிற்று.