தொடக் கூடாத கூடை

பதுளையில் ஒரு கல்லூரி நூலகம். அங்கே மலையக வாழ்க்கைக் கண்காட்சி. நூலகர் ஞானசீலனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேசையில் தேயிலைக் கொழுந்துக் கூடையும், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியும். மேலே அவர் கைப்பட எழுதிய அட்டை: ‘முன்னோர் பயன்படுத்திய அரும்பொருட்கள். தொடாதீர்கள்.’

“இதெல்லாம் எங்க பிடிச்சீங்க?” வியந்தார் பிரதம விருந்தினர்.

“லுணுகலைப் பக்கம் தோட்டம் தோட்டமா அலைஞ்சேன் சார். இப்பல்லாம் கண்ணால பாக்கவே கெடைக்காது.”

“அப்ப நூலகத்திலேயே நிரந்தரமா இருக்கட்டும்!”

எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து கூடையைத் தூக்கினாள்.

“அட்டையப் பாக்கலையா? தொடக் கூடாதும்மா!” பதறினார் விருந்தினர்.

“காலையில பேர் பதியிற பெரட்டுக்குக் கூடையில்லாமப் போனா, கங்காணி திருப்பி அனுப்பிருவாருங்க.”

“யாரும்மா நீங்க?”

ஞானசீலன் குனிந்து அட்டையை நேராக்கினார். அந்த அம்மாள் அவரைப் பார்த்துவிட்டு, “நான் யாருமில்லைங்க ஐயா” என்றாள்.

கூடையோடு அவரைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்தினாள்.

“வீட்டுக்கு வரும்போது கத்தியக் கொண்டாந்துரு சீலா. நாளைக்கு ஒங்கப்பாவுக்குக் கவ்வாத்து வேலை.”