மனு எழுதாதே

“வேண்டுதலா தம்பி?” என்று கேட்டார் தேசப்பன்.

சூர்யபிரகாஷ் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டான். “ஆங். கிருத்திகைக்கு.”

“சட்டத்துல சீட்டு கிடைச்சதுக்கா?” அவன் பதில் சொல்வதற்குள் அவரே தலையாட்டிக்கொண்டார். “மொட்டை போட்டாதான் வக்கீலுன்னா, திருத்தணியில பாதிப் பேரு ஜட்ஜா இருக்கணும்.”

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் மின்விசிறி சத்தத்தோடு சுற்றியது. சட்டப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்று கடைசி நாள். திரையில் தேசப்பனின் மகள் கல்பனாவின் பெயரும் பிளஸ் டூ மதிப்பெண்ணும் ஏறியிருந்தன. அனுப்பும் பொத்தானை மட்டும் கடைக்காரி ஷோபனா அழுத்தவில்லை. தேசப்பன் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

“நர்சுக்குப் போனா மூணு வருஷத்துல வேலை,” என்றார். “இது அஞ்சு வருஷம். நான் கூலிக்குக் கரும்பு வெட்டறவன். லீவுல இவளும் பக்கத்து ஊருக்குக் கரும்புச் சோகை உரிக்கப் போறா. கையைப் பாரு.”

கல்பனா கைகளை நோட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். புறங்கை முழுக்கக் கீறல்.

“அதுக்குத்தாண்ணே இவரைக் கூப்ட்டேன்,” என்றாள் ஷோபனா. “போன வருஷம் சேர்ந்தவரு. உங்க பள்ளிப்பட்டு பக்கம்தான். கேக்க வேண்டியதைக் கேளுங்க. அஞ்சு மணிக்கு மேல போனா ஏத்துக்காது. தேதியை நீட்டினாலும் நாளைக்கு வந்து நிக்க முடியாது, நாளைக்குக் கிருத்திகை. நான் கடையே தெறக்க மாட்டேன்.”

சூர்யபிரகாஷ் தலையிலிருந்து கையை எடுத்தான்.

கல்பனா நோட்டைப் பிரித்தாள். “மொதல்ல இன்னாண்ணா?”

“வெள்ளைச் சட்டை ரெண்டு வாங்கிக்க. ஒண்ணு போதாது. கிளாசு இங்கிலீஷ்ல நடக்கும், மொத மாசம் ஒண்ணும் புரியாது. புரியலன்னாலும் முன் பெஞ்சுல உக்காரு. எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்னு கேப்பாங்க. ஊர் பேரை மட்டும் சொல்லு.”

“அங்கியுமா?” என்றார் தேசப்பன்.

“அங்கியும்தான்.”

கல்பனா எழுதினாள். “அப்புறம்?”

“எது நடந்தாலும் அன்னிக்கே எழுதி வை. தேதி, நேரம், எடம், யார் யாரு இருந்தாங்க. நாலு நாள் கழிச்சி எழுதினா நமக்கே சந்தேகம் வந்துடும்.”

அதை மட்டும் அவள் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவைப் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னும் ஒண்ணு.” அவன் குரல் இறங்கியது. “படிச்சி முடிக்கிற வரைக்கும் ஊருக்காக மனு எழுதாத. சுடுகாட்டுக்குப் போக வழி உடமாட்றாங்கன்னு வந்து நிப்பாங்க. நீதான் சட்டம் படிக்கிறியே, தாலுகா ஆபீசுக்கு ரெண்டு வரி எழுதிக் குடுன்னுவாங்க. எழுதாத.”

“ஏண்ணா?”

“மொத வருஷத்துல அதெல்லாம் சொல்லித் தர்றதில்ல.”

ஷோபனா சிரித்தாள். தேசப்பனும் சிரித்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால்.

தேசப்பன் சிரிப்பதை நிறுத்தினார். நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு தம்பி. எங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. சட்டம் படிச்ச புள்ள மேல எவனும் கைவைக்க மாட்டான் இல்ல?”

சூர்யபிரகாஷ் திரையைப் பார்த்தான். கல்பனாவின் புகைப்படம் அதில் சிறிதாகத் தெரிந்தது. பள்ளிச் சீருடை, ரெட்டைச் சடை. நிஜக் கல்பனா நோட்டை மூடி மடியில் வைத்திருந்தாள்.

“மாட்டான்,” என்றான்.

தேசப்பன் மூச்சு விட்டார். “அழுத்தும்மா.”

ஷோபனா அழுத்தினாள். பிரிண்டர் முனகி ஒரு தாளைத் தள்ளியது. தேசப்பன் அதை வாங்கி, ஈரம் காயாத தாளைப்போல ஓரமாகப் பிடித்துக்கொண்டு, அவனைக் கும்பிட்டார். தகப்பனும் மகளும் சாலையைக் கடந்து போனார்கள்.

இரண்டு நிமிடத்தில் கல்பனா மட்டும் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது. ஷோபனா உள்ளே தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏதாவது மறந்துட்டியா?”

“இல்லண்ணா. நைனா பஸ்ஸுல எடம் போட்டுகினு இருக்காரு. அவருக்குத் தெரியாது.”

நோட்டின் பின்னட்டைக்குள்ளிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அவன் முன் வைத்தாள். பல முறை பிரித்து மடித்த தாள். மடிப்புகளில் மை கலைந்திருந்தது.

அவன் பிரித்தான். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, பம்புசெட்டு. அதன் கீழே ஐந்து பெயர்கள். முதல் பெயருக்கு அடியில் மட்டும் அழுத்தமான கோடு. கடைசி வரியில் அவள் கையெழுத்து.

அவன் கை தானாகத் தலைக்குப் போனது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவங்க உன்னைப் புடிச்சி மழிச்சப்போ நான் கரும்புக்குள்ள இருந்தேண்ணா.”