ருமேனியாவுக்கான மந்திரி

ருமேனியா ஷெங்கனில் சேருவதற்கு யார் யார் கை தூக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?

மகேந்திரராஜாவுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் வில்லாவுட் தடுப்பு முகாமின் கேற்றைத் தாண்டி ஒரு காலை வெளியே வைக்க உரிமையில்லாத அந்த மனிதனுக்கு, பாஸ்போர்ட் காட்டாமல் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் இருபத்தைந்தும் மனப்பாடம்.

பாரிஸுக்குக் கூட்டிப்போவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் அவனுடைய மனைவி அனோஜினியைப் புக்காரெஸ்டில் இறக்கிவிட்டுக் காணாமல் போயிருந்தான். அவளுடைய அக்கா பாரிஸில். ருமேனியாவும் சேர்ந்துவிட்டால் வழியில் எவனும் மறிக்கமாட்டான், ரயிலில் ஏறிக் குந்தினால் சரி. அதுவரை அசையக்கூடாது, களவாகப் போய்ப் பிடிபட்டால் நேரே கொழும்புதான் என்று ஆறு மாதமாகச் சொல்லிவருகிறான்.

இவனோ ஒருவரையும் கேட்காமல், இருபத்தொரு நாள் மீன்பிடிப் படகில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்கியவன்.

அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. தன் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டான்.

முகாமின் இங்கிலீஷ் வகுப்பில் உன் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டபோதும் ருமேனியா என்றுதான் சொன்னான்.

2011 செப்டம்பரில், பிரஸ்ஸல்ஸில் அமைச்சர்கள் கூடுகிற அன்று, பின்னேரம் ஆறு மணிக்கு நடைபாதைப் போன் அடித்தது. எப்போதும் அவள்தான் அங்கிருந்து அழைப்பாள்.

"நெதர்லாந்தும் பின்லாந்தும்தான் முரண்டுபிடிக்கினம்," என்றான், ஏதோ பெரியப்பாவின் மகன்மாரைச் சொல்வதுபோல. "கடைசியிலை ஓமெண்டுவினம். நீ அவசரப்படாதை."

"ஓம்."

எந்த ரயில், எங்கே மாறவேண்டும், ஜன்னல் பக்கம் ஏன் இருக்கக்கூடாது, பொலிஸ் வந்தால் முகத்தை எப்படி வைத்திருக்கவேண்டும் என்று இருபது நிமிடம் சொன்னான். இவன் இந்தப் பிறவியில் ஐரோப்பாவைப் பார்த்ததில்லை.

அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். நடுவில் ஒருமுறை சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள்.

வரிசையில் பின்னால் நின்ற றொமேஷ் தோளில் தட்டினான்.

"மந்திரியார், மாநாடு முடிஞ்சால் போனை விடுங்கோ, நான் அம்மாவோடை கதைக்கவேணும். அப்பிடியே எங்கட கேற்றைப் பற்றியும் அவையளிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

"இஞ்சேருங்கோ," என்றாள் அனோஜினி. "ஒண்டுமில்லை. நாளைக்கு எடுக்கிறன்."

பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தான்.

மறுநாள் காலை, ருமேனியா சேரவில்லை என்று கணினியில் இருந்தது. ஏழு மணிக்கு அனோஜினி அழைத்தாள். பாரிஸில் அக்கா வீட்டில் நின்றாள். போய்ச் சேர்ந்து பதினொரு நாள். இவன் அவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டிருக்க, இடையில் மறிக்க மனம் வரவில்லையாம்.